மேற்கே போகும் பெட்டி முதலில் ஏன் கொழும்புக்குப் போகிறது?

திருப்பூரில் பின்னலாடை நிரப்பிய ஒரு 40 அடிப் பெட்டியை, அதாவது கொள்கலனை, எடுத்துக்கொள்வோம். அது போய்ச் சேர வேண்டிய இடம் ராட்டர்டாம். லாரியில் ஏறி, திண்டுக்கல், மதுரை தாண்டி, சுமார் 300 கிலோமீட்டர் கடந்து தூத்துக்குடி வருகிறது. சுங்க வேலை முடிந்து முனையத்துக்குள் போய் ஒரு சின்னக் கப்பலில் ஏறுகிறது. அந்தக் கப்பல் ஐரோப்பாவுக்குப் போகாது, மேற்கே கூடத் திரும்பாது. தென்கிழக்கே ஏறக்குறைய 150 கடல் மைல் ஓடி, ஓர் இரவில் கொழும்பில் போய் நிற்கும். பெட்டி அங்கே இறங்கி யார்டில் சில நாள் கிடக்கும். அப்புறம் நானூறு மீட்டர் வரை நீளமுள்ள இன்னொரு கப்பல் வந்து அதைத் தூக்கிக்கொண்டு மேற்கே கிளம்பும்.

தூத்துக்குடியில் ஏற்றுமதி வேலை பார்ப்பவர்களுக்கு இதில் புதிதாக ஒன்றும் இல்லை. புக்கிங் எடுக்கும்போதே இரண்டு கப்பல் பெயர் வரும். முதலாவது ஃபீடர், இரண்டாவது மதர் வெசல். ஃபீடர் ஒரு நாள் பிந்தினால் கொழும்பில் கனெக்‌ஷன் போய்விடும். "பெட்டி ரோல் ஆகிவிட்டது" என்று, சரக்கை அனுப்பிவைக்கும் முகவரான ஃபார்வர்டரிடமிருந்து போன் வரும். அடுத்த வாரக் கப்பலுக்குக் காத்திருக்க வேண்டியதுதான்.

ஏன் இப்படி என்று யாரைக் கேட்டாலும் "நம்ம துறைமுகத்தில் ஆழம் இல்லை" என்பார்கள். இது பாதிப் பதில். ஆழம் மட்டும் போதுமென்றால் கொழும்பு இந்த இடத்துக்கு வந்த கதையும், அதற்குப் பக்கத்திலேயே இன்னொரு ஆழமான துறைமுகம் பல ஆண்டுகள் பெட்டியே இல்லாமல் கிடந்த கதையும் புரியாது. மீதிப் பதில் கப்பல்களின் கால அட்டவணையில் இருக்கிறது.

கப்பல் பஸ் மாதிரி ஓடுகிறது

1956 ஏப்ரல் 26 அன்று, மால்கம் மக்லீன் என்ற அமெரிக்க லாரி முதலாளி 'ஐடியல் எக்ஸ்' என்ற கப்பலில் 58 பெட்டிகளை நியூவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்கு அனுப்பினார். கொள்கலன் போக்குவரத்தின் பிறந்தநாள் என்று அதைச் சொல்வது வழக்கம். இரும்புப் பெட்டி செய்வதில் பெரிய வித்தை இல்லை. பெட்டியின் அளவு உலகம் முழுக்க ஒன்றாக ஆனதும், கப்பல்கள் சரக்கு சேரும்வரை காத்திருப்பதை விட்டுவிட்டு, குறித்த கிழமையில் குறித்த துறைமுகத்தைத் தொட்டுப் போகத் தொடங்கியதும்தான் பெரிய மாற்றம். இன்று பெட்டிக் கப்பல் ஓடும் விதம் நம் ஊர் ரூட் பஸ் ஓடும் விதம்தான்.

கிழக்காசியாவுக்கும் வட ஐரோப்பாவுக்கும் போய்த் திரும்ப ஒரு கப்பலுக்கு 84 நாள் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு துறைமுகத்திலும் வாரம் ஒரு கப்பல் நிற்க வேண்டுமானால் அந்த ஒரு தடத்துக்கே 12 கப்பல் வேண்டும். நடுவில் ஒரு துறைமுகத்தைக் கூடுதலாகச் சேர்த்தால், உள்ளே வரும் நேரம், கரையில் நிற்கும் நேரம், வெளியேறும் நேரம் எல்லாமாக ஒன்றிரண்டு நாள் போகும். இப்படி ஏழு நாள் சேர்ந்துவிட்டால் 13-வது கப்பல் இறக்க வேண்டும். ஆகவே பெரிய கப்பலை வைத்திருக்கும் நிறுவனம் ஒவ்வொரு நிறுத்தத்தையும் எடைபோட்டுத்தான் பார்க்கும். ஆயிரம் பெட்டிக்காக அது பாதையை விட்டு விலகாது. சில ஆயிரம் பெட்டி தயாராக இருந்தால் யோசிக்கும்.

இதோடு கப்பலின் அளவு சேர்கிறது. 2006-இல் வந்த 'எம்மா மெர்ஸ்க்' ஏறக்குறைய 15,000 டி.இ.யூ. ஏற்றியது. இருபது அடிப் பெட்டி ஒன்று ஒரு டி.இ.யூ. 2013-இல் 18,000, 2020-இல் 24,000 என்று அளவு ஏறியது. 24,000 பெட்டிக் கப்பலையும் இருபத்தைந்து பேர் போல இருந்தால் ஓட்டிவிடலாம். எண்ணெய்ச் செலவும் அளவுக்கு ஈடாக ஏறுவதில்லை. அதனால் கப்பல் நிரம்பினால் ஒரு பெட்டிக்கான செலவு வெகுவாகக் குறையும். நிரம்பாவிட்டால் நஷ்டமும் அதே அளவுக்குப் பெரியது. நிரப்புவதற்கு வழி, பல துறைமுகங்களின் பெட்டியை ஒரே இடத்தில் குவிப்பது. பத்து ஆசியத் துறைமுகத்தையும் பத்து ஐரோப்பியத் துறைமுகத்தையும் நேரடியாக இணைக்க நூறு தடம் வேண்டும். நடுவே ஒரு மையம் வைத்தால் இருபது போதும். அந்த மையமாக ஆவதற்குத்தான் துறைமுகங்களுக்குள் இத்தனை போட்டி.

இனி தூத்துக்குடியின் கணக்கைப் பார்க்கலாம். அங்கே ஆண்டுக்கு 7 முதல் 8 லட்சம் டி.இ.யூ. கையாளப்படுகிறது. வாரத்துக்குச் சுமார் 15,000. பெரிய எண்ணாகத் தோன்றும். ஆனால் இதில் இறக்குமதி பாதி, காலிப் பெட்டியும் இதற்குள்தான். மீதி ஐரோப்பா, அமெரிக்கா, வளைகுடா, சீனா என்று பல திசைக்குப் பிரிகிறது. பிரிந்த பிறகு ஒரு திசைக்கு, ஒரு கப்பல் நிறுவனத்துக்கு, ஒரு வாரத்தில் எஞ்சுவது நூற்றுக்கணக்கில்தான் இருக்கும். அதை நம்பி 24,000 பெட்டிக் கப்பல் மன்னார் வளைகுடாவுக்குள் வராது. ஆழம் இருந்தாலும் வராது.

கொழும்பு மையமான விதம்

கிழக்கு மேற்குக் கப்பல் பாதை இலங்கையின் தென்முனையான தேவேந்திரமுனைக்குச் சில கடல் மைல் தெற்கே போகிறது. சூயஸுக்கும் மலாக்காவுக்கும் இடையில் ஓடும் கப்பல் கொழும்பைத் தொடுவதற்குப் பெரிதாக விலக வேண்டியதில்லை. இந்த அனுகூலம் எப்போதும் இருந்ததுதான். அதைப் பயன்படுத்தியது பிற்பாடு நடந்தது. 1979-இல் இலங்கைத் துறைமுக அதிகாரசபை உருவானது. 1980-களின் நடுவில் ஜப்பானிய உதவியோடு ஜய கொள்கலன் முனையம் வந்தது. 1999-இல் தனியார் பங்கோடு இரண்டாவது முனையம் தொடங்கியது. ஆசிய வளர்ச்சி வங்கிக் கடனில் புதிய அலைதடுப்புச் சுவர் கட்டித் தெற்குத் துறைமுகத்தை உருவாக்கினார்கள். அங்கே 18 மீட்டர் ஆழத்தில் சைனா மெர்ச்சன்ட்ஸ் நிறுவனத்தின் முனையம் 2013-இல் வேலையைத் தொடங்கியது. உலகின் மிகப் பெரிய பெட்டிக் கப்பல்கள் நிறைசுமையில் 16 மீட்டருக்கு மேல் நீரில் அமிழும். தெற்காசியாவில் அவற்றை வாங்கிக்கொள்ள அன்று வேறு இடம் இல்லை என்றே சொல்லலாம்.

2018-இல் கொழும்பு 70 லட்சம் டி.இ.யூ.வைத் தாண்டியது. அதில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் டிரான்ஷிப்மெண்ட், அதாவது இறக்கி வேறு கப்பலில் ஏற்றும் பெட்டி. இலங்கையின் சொந்த ஏற்றுமதி, இறக்குமதிச் சரக்கு சிறு பகுதிதான். இந்தியாவின் கணக்கை அப்படியே மறுபக்கம் திருப்பிப் பார்க்கலாம். இந்தியச் சரக்கில் வழியில் கப்பல் மாறுவதன் முக்கால்வாசி வெளிநாட்டுத் துறைமுகங்களில் மாறுகிறது என்றும், அதில் 45 சதவீதம் கொழும்பில்தான் என்றும் மத்திய துறைமுக அமைச்சகமே 2023-இல் சொன்னது. இந்தியத் துறைமுகங்களிலேயே மாற்றினால் ஆண்டுக்கு 20 முதல் 22 கோடி டாலர் மிச்சம் என்பது அமைச்சகத்தின் கணக்கு.

கொழும்பின் வளர்ச்சியில் நம் சட்டத்துக்கும் பங்கு உண்டு. இதைப் பலர் பேசுவதில்லை என்பதால் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். 1958-ஆம் ஆண்டு வணிகக் கப்பல் சட்டத்தின்படி, ஓர் இந்தியத் துறைமுகத்திலிருந்து இன்னொன்றுக்குச் சரக்கு ஏற்ற வெளிநாட்டுக் கொடியுள்ள கப்பலுக்கு உரிமம் வேண்டியிருந்தது. இந்தியக் கப்பல் தொழிலைக் காப்பதற்காக வைத்த விதி அது. நோக்கம் நல்லதுதான். ஆனால் வெளிநாட்டுக் கொடி ஃபீடர் ஒன்று தூத்துக்குடிப் பெட்டியைக் கொச்சிக்குக் கொண்டுபோய் அங்கே பெரிய கப்பலில் மாற்ற நினைத்தால் விதி குறுக்கே நின்றது. அதே பெட்டியைக் கொழும்புக்குக் கொண்டுபோனால் எந்தத் தடையும் இல்லை. ஏனென்றால் அது வெளிநாட்டுப் பயணம்! 2011 பிப்ரவரியில் கொச்சி வல்லார்பாடத்தில் டிரான்ஷிப்மெண்டுக்கென்றே முனையம் திறந்தார்கள். அதற்கு மட்டும் விதியைத் தளர்த்தியது 2012-இல். எல்லாத் துறைமுகங்களுக்கும் தளர்த்தியது 2018 மே மாதத்தில். அதற்குள் கொழும்பில் ஃபீடர் வலை நன்றாக வேரூன்றிவிட்டது.

ஆழமும் இடமும் இருந்தும் பெட்டி வராத துறைமுகம்

இலங்கையின் தென்கரையில் உள்ள அம்பாந்தோட்டைத் துறைமுகம் 2010-இல் திறக்கப்பட்டது. கப்பல் பாதைக்குக் கொழும்பைவிடப் பக்கம், ஆழமும் உண்டு. 2017-இல் 112 கோடி டாலருக்கு 99 ஆண்டுக் குத்தகையாகச் சைனா மெர்ச்சன்ட்ஸ் கைக்கு வந்தது. கொழும்பின் ஆழ்நீர் முனையத்தை நடத்தும் அதே நிறுவனம். அப்படியிருந்தும் நீண்ட காலம் அங்கே கார் ஏற்றி இறக்கும் வேலைதான் நடந்தது. பெட்டிக் கப்பல்கள் கொழும்பை விட்டு வரவில்லை.

ஏன் வரவில்லை என்பதில்தான் இந்த ஆய்வின் முக்கியமான விஷயம் இருக்கிறது. கொழும்பில் ஒரு பெட்டியை இறக்கினால் அன்றோ மறுநாளோ சென்னைக்கும் தூத்துக்குடிக்கும் கொச்சிக்கும் வங்காளதேசத்தின் சிட்டகாங்குக்கும் ஃபீடர் கிடைக்கும். ஒன்றைத் தவறவிட்டால் இன்னொன்று. ஃபீடர்கள் அங்கே வருவது மதர் வெசலுக்காக. மதர் வெசல் வருவது ஃபீடர்களுக்காக. ஒரு பக்கம் முதலில் நகர்ந்தால் நஷ்டம், இரண்டும் சேர்ந்து நகர்ந்தால்தான் லாபம். புதுச் சந்தை கட்டிக் கொடுத்தாலும் வியாபாரிகள் பழைய சந்தையை விட்டு நகர மறுப்பதும் இதே காரணத்தால்தான். அங்கேதான் வாங்குகிறவர்கள் வருகிறார்கள்.

எனவே ஒரு துறைமுகத்தின் வலு அதில் எத்தனை கிரேன் நிற்கிறது என்பதைவிட, அங்கிருந்து வாரத்துக்கு எத்தனை இடத்துக்கு எத்தனை முறை கப்பல் கிளம்புகிறது என்பதில் இருக்கிறது. ஐ.நா.வின் வணிக வளர்ச்சி அமைப்பான அங்க்டாட் நாடுகளின் கப்பல் இணைப்பை இந்த வழியில்தான் அளக்கிறது. கப்பல் வருகை, ஏற்றும் திறன், சேவைகள், நிறுவனங்கள், வரும் கப்பலின் அதிகபட்ச அளவு, நேரடியாக இணைந்த நாடுகள் எல்லாம் அந்தக் குறியீட்டில் வருகின்றன. இரண்டு நாடுகளுக்கு இடையே நேரடிக் கப்பல் சேவை இல்லையென்றால் ஏற்றுமதி மதிப்பு 40 சதவீதத்துக்கும் மேல் குறைவாக இருக்கிறது என்று அதன் ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். வணிகம் இருப்பதால் கப்பல் வருகிறதா, கப்பல் வருவதால் வணிகம் வளர்கிறதா என்று இதில் பிரித்துச் சொல்வது எளிதல்ல. இரண்டும் நடக்கிறது என்றே நினைக்கிறேன்.

வங்காளதேசத்தை மறந்துவிட்டு இதைப் பேசினால் நேர்மையாக இருக்காது. சிட்டகாங்கில் பெரிய கப்பல் நுழையவே முடியாது. அதன் பெட்டிகள் கொழும்பு, சிங்கப்பூர், மலேசியாவின் கிள்ளான் வழியாகத்தான் போய்வந்தன. அப்படியிருந்தும் ஆடை ஏற்றுமதியில் அந்த நாடு உலகின் முன்வரிசைக்கு வந்தது. கூலி, வரிச் சலுகை, தொழிற்சாலையின் அளவு எல்லாம் சேர்ந்து கப்பல் குறையை ஈடுகட்டின. ஆனால் ஈடுகட்டத்தான் வேண்டியிருந்தது. 2022 பிப்ரவரியில் சிட்டகாங்கிலிருந்து இத்தாலிக்கு ஒரு நேரடிக் கப்பல் கிளம்பியபோது அங்கே அது பெரிய செய்தியானதும் அதனால்தான்.

மையமும் நிரந்தரம் இல்லை

2001 ஜூலையில் கொழும்பை அடுத்த கட்டுநாயக்க விமான நிலையம் தாக்கப்பட்டது. துறைமுகத்தில் ஒரு கல் கூட விழவில்லை. ஆனாலும் லண்டன் காப்பீட்டாளர்கள் இலங்கைக்கு வரும் கப்பல்களுக்குப் போர் ஆபத்துக் கட்டணத்தை ஏற்றினார்கள். சில நிறுவனங்கள் கப்பலைத் திருப்பின. ஏமனில் ஏடன் துறைமுகத்துக்கு நேர்ந்தது இன்னும் கொடுமை. 1999-இல் டிரான்ஷிப்மெண்ட் முனையம் திறந்தார்கள். 2000 அக்டோபரில் துறைமுகத்துக்குள்ளேயே 'கோல்' என்ற அமெரிக்கப் போர்க்கப்பல் தாக்கப்பட்டது. இரண்டு ஆண்டு கழித்து ஏமன் கரைக்கு அருகே ஒரு பிரெஞ்சு எண்ணெய்க் கப்பல் தாக்கப்பட்டது. காப்பீட்டுச் செலவு தாங்காமல் பெட்டிக் கப்பல்கள் போய்விட்டன.

போர் கூட வேண்டாம், ஒரு வாடிக்கையாளர் மனம் மாறினாலே போதும். 2000-இல் மெர்ஸ்க் என்ற பெரிய கப்பல் நிறுவனம் சிங்கப்பூரை விட்டு, பக்கத்தில் மலேசியாவின் தஞ்சோங் பெலப்பாஸுக்கு மாறியது. அடுத்து எவர்கிரீனும் போனது. சிங்கப்பூர் போன்ற துறைமுகத்துக்கே அந்த அடி விழுந்தது. டிரான்ஷிப்மெண்ட் பெட்டிக்கு அந்த ஊரோடு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. வேறு ஊரில் இறங்கினாலும் அதற்கு ஒன்றுதான்.

2023 நவம்பர் முதல் செங்கடலில் ஏமனின் ஹூதி கிளர்ச்சியாளர்கள் கப்பல்களைத் தாக்கத் தொடங்கியபோது இந்த வலை எப்படி வேலை செய்கிறது என்பது எல்லோருக்கும் தெரிந்தது. டிசம்பர் நடுவில் பெரிய நிறுவனங்கள் சூயஸை விட்டு நன்னம்பிக்கை முனையைச் சுற்றத் தொடங்கின. ஒரு பயணத்துக்குப் பத்து நாளுக்கும் மேல் கூடியது. வாராந்தர அட்டவணை குலையாமல் இருக்க ஒவ்வொரு தடத்துக்கும் இரண்டு மூன்று கப்பல் கூடுதலாகப் போட்டார்கள். அதுவரை வளைகுடா, செங்கடல் பக்கத் துறைமுகங்களில் கப்பல் மாறிவந்த பெட்டிகளில் ஒரு பங்கு கொழும்பில் வந்து குவிந்தது. 2023-இல் ஏறக்குறைய 69.5 லட்சமாக இருந்த கொழும்பின் கணக்கு 2024-இல் 78 லட்சத்தை நெருங்கியது. கொழும்புக்கு அது வளர்ச்சி. ஆனால் யார்டு நெரிந்தால் கனெக்‌ஷன் தவறும். தூத்துக்குடிக்காரருக்கு ஏமனிலிருந்து கிளம்பும் ஏவுகணை கொழும்பு யார்டின் நெரிசலாக வந்து சேருகிறது.

ஃபீடர் தடங்களின் இன்னொரு விலையையும் சொல்லாமல் விட முடியாது. 2021 மே 20 அன்று கொழும்புக்கு வெளியே தீப்பிடித்து, ஜூன் 2-இல் மூழ்கிய 'எக்ஸ்-பிரஸ் பேர்ல்' இத்தகைய கப்பல். 1,486 பெட்டி, அவற்றில் நைட்ரிக் அமிலம், பிளாஸ்டிக் மணிகள். மாதக்கணக்கில் மீனவர் கடலுக்குப் போக முடியவில்லை. 2025 மே 25 அன்று, கேரளத்தின் புதிய துறைமுகமான விழிஞ்சத்திலிருந்து கொச்சிக்குப் போன 'எம்.எஸ்.சி. எல்சா 3' 640 பெட்டிகளோடு மூழ்கியது. 1997-இல் கட்டிய கப்பல். மாலுமிகள் 24 பேரும் பிழைத்தது பெரிய நிம்மதி. கேரளக் கரையெங்கும் பிளாஸ்டிக் மணிகள் ஒதுங்கின. பெரிய தடங்களுக்குப் புதிய கப்பல்கள், கரையோரத் தடங்களுக்குப் பழைய கப்பல்கள் என்று ஓடவிட்டால் ஆபத்து கரையோர மீனவர் தலையில்தான் விழும். சரக்குக் கட்டணத்தில் இந்தக் கணக்கு எங்கும் வருவதில்லை. வர வேண்டும்.

விழிஞ்சம் வந்த பிறகு

2024 ஜூலையில் 'சான் பெர்னாண்டோ' என்ற கப்பல் விழிஞ்சத்துக்கு வந்தது. டிசம்பரில் வணிக இயக்கம் தொடங்கியது. 2025 மே 2 அன்று முறைப்படி திறந்துவைத்தார்கள். கரைக்குப் பக்கத்திலேயே 18 மீட்டருக்கு மேல் இயற்கை ஆழம். கப்பல் பாதைக்கும் சுமார் பத்துக் கடல் மைல்தான். ஜூன் மாதம் 24,346 டி.இ.யூ. திறனுள்ள 'எம்.எஸ்.சி. இரினா' வந்து நின்றது. 2025 முடிவதற்குள்ளேயே 10 லட்சம் டி.இ.யூ.வைத் தாண்டியது.

அம்பாந்தோட்டையில் நடக்காதது இங்கே எப்படி நடந்தது? எம்.எஸ்.சி. என்ற ஒரே நிறுவனம் தன் பெரிய கப்பல்களையும் தன் ஃபீடர்களையும் சேர்த்தே கொண்டுவந்தது. இரண்டு பக்கமும் ஒரே கையில் இருந்ததால் யார் முதலில் நகர்வது என்ற சிக்கலே எழவில்லை. 2018-இல் விதி தளர்ந்ததும் துணை நின்றது. ஆனால் இதே காரணத்தால் அந்த மையம் ஒரு வாடிக்கையாளரைச் சார்ந்து நிற்கிறது. கொழும்பும் சும்மா இருக்கவில்லை. 2025 ஏப்ரலில் அங்கே மேற்கு முனையம் இயங்கத் தொடங்கியது. அதில் பெரும்பங்கு அதானி குழுமத்துக்கு. விழிஞ்சத்தை நடத்துவதும் அதே குழுமம். இரண்டு மையங்களும் முட்டி மோதி நமக்குக் கட்டணம் குறையும் என்று எதிர்பார்ப்பவர்கள் இதையும் கணக்கில் வைக்க வேண்டும்.

தூத்துக்குடி கொழும்புத் தடத்துக்கு ஒரு பழைய நினைவு உண்டு. 1906-இல் வ.உ. சிதம்பரனார் சுதேசி நாவாய்ச் சங்கம் தொடங்கியது இந்தத் தடத்தில் கப்பல் விடத்தான். எதிரே நின்ற பிரிட்டிஷ் இந்தியக் கப்பல் நிறுவனம் கட்டணத்தை அடிமாட்டு விலைக்கு இறக்கி அவரை நசுக்கப் பார்த்தது. கப்பல் யாருடையது, தடத்தை யார் தீர்மானிப்பது என்ற கேள்வியை அவர் அன்றே எழுப்பிவிட்டார். இன்று அவர் பெயர் தாங்கிய துறைமுகத்தில் அதே கேள்வி வேறு வடிவில் நிற்கிறது.

2024 பிப்ரவரியில் தூத்துக்குடியில் வெளித்துறைமுகக் கொள்கலன் முனையத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். அதை டிரான்ஷிப்மெண்ட் மையமாக்குவது என்று பேச்சு. ஒரு பக்கம் 150 கடல் மைலில் கொழும்பு, மறுபக்கம் குமரி முனையைச் சுற்றினால் விழிஞ்சம். இரண்டுக்கும் நடுவே, கப்பல் பாதையிலிருந்து உள்ளொதுங்கிய இடத்தில் மூன்றாவது மையம் நிற்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. தூத்துக்குடிக்கு இருக்கும் பலம் வேறு. திருப்பூர், கரூர், சிவகாசி என்று சொந்தச் சரக்கு அதற்குப் பின்னால் இருக்கிறது. கொச்சி பக்கமாக இருந்தும் திருப்பூர்ச் சரக்கில் பெரும்பகுதி இங்கேதான் வருகிறது. 2024 செப்டம்பரில் திறந்த புதிய முனையத்தில் 14.2 மீட்டர் ஆழம் உண்டு. நடுத்தரக் கப்பல்களுக்கு அது போதும். கீழைநாடுகளுக்கும் வளைகுடாவுக்கும் வாரம் தவறாத நேரடிச் சேவைகளைக் கூட்டுவதும், ஐரோப்பா, அமெரிக்கப் பெட்டிகளுக்கு இரண்டு மையங்களுக்கும் தினசரி ஃபீடர் இருக்கும்படி செய்வதும் இந்த ஆழத்திலேயே முடியும்.

அதற்குத் தேவைப்படுவது ஓர் ஏற்றுமதிச் சங்கத்தின் மேசையில் செய்யக்கூடிய வேலை. பின்னலாடையைப் பெரும்பாலும் எஃப்.ஓ.பி. கணக்கில், அதாவது சரக்கைக் கப்பலில் ஏற்றுவதோடு நம் பொறுப்பு முடியும்படி, விற்கிறோம். எந்தக் கப்பல், எந்தத் தடம் என்று தீர்மானிப்பது வாங்குபவரும் அவர் நியமித்த ஃபார்வர்டரும்தான். சிதறிக் கிடக்கும் அந்தப் புக்கிங்குகளைத் திசைவாரியாக, வாரவாரியாக ஓர் ஆண்டுக்குத் தொகுத்து, "துபாய் ஜெபல் அலிக்கு வாரம் இத்தனை பெட்டி, வியாழக்கிழமை தயார்" என்று கப்பல் நிறுவனத்தின் முன் வைத்தால், பேச்சு அந்தத் தாளிலிருந்து தொடங்கும்.